மட்டம் பார்த்து மாட்டிய ஸ்கோப்

பூங்கோதை இலக்குத் தாள் மாற்றப் போன அன்றிலிருந்து மைதானம் நீண்டுகொண்டே இருந்தது. அதில் யாருக்கும் வியப்பில்லை. துப்பாக்கி சுடும் மைதானம் என்றால் நீளத்தான் செய்யும். குழந்தைவேலு வீட்டுக்குப் பின்னால் இருந்தது கொஞ்சம் வேகமாக நீண்டது, அவ்வளவுதான்.

அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு மைதானம், வீட்டுக்கு ஒரு ரைபிள். வீட்டுக்காரன் சுடுவான். வீட்டுக்காரி பசை வாளியோடு நடந்துபோய்ப் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளை ஒட்டிவிட்டு வருவாள். பூங்கோதையும் அப்படித்தான் போனாள். அடுப்பில் பருப்பு இருந்தது. விசில் வந்ததும் இறக்கி வைக்கச் சொன்னாள். குழந்தைவேலு இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவள் ஒரு விரல் உயரம் இருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது கடுகளவு ஆகியிருந்தாள். பிறகு வெயில் மட்டும் இருந்தது.

கொஞ்ச காலம் குரல் போய் வந்தது. சாப்பிட்டாயா என்று கத்திக் கேட்டான். ஆடி மாதத்தில் பதில் வந்தது, இன்னும் இல்லை என்று. ஏன் வரவில்லை என்று கேட்டான். அதற்குப் பதில் தீபாவளி கழித்து வந்தது.

"தாளு ஒட்டமாட்டீங்குதுங்க. கையெடுத்தாப் பறந்துரும்."

தாள் போனால் போகட்டும், நீ வா என்று தொண்டை கிழியக் கத்தினான். அதற்குப் பதில் வரவே இல்லை. ஒரு காதை அந்தப் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டான், தூங்கினான், வேலைக்குப் போய் வந்தான். கடைசியில் கேட்பது ஆகாது என்று முடிவு செய்தான். பார்க்கவாவது வேண்டும். ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும். துப்பாக்கிச் சங்கத்தில் போய், ரைபிளில் மாட்டித் தூரத்தைப் பார்க்கும் ஸ்கோப் கேட்டான்.

சங்கச் செயலாளர் ஆறுச்சாமி ஸ்கூட்டரில் வந்தார். ஸ்கோப்பைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். பின்னால் கொத்தனார் மாரப்பன், தலையில் சாந்துச் சட்டியோடு. வந்ததும் தண்ணீர் கேட்டான். குடிக்க என்று நினைத்துக் குழந்தைவேலு சொம்பில் கொடுத்தான். மாரப்பன் அதை சிமெண்டில் ஊற்றிக் கரணையால் கிளற ஆரம்பித்தான்.

கொத்தனார் எதற்கு என்று குழந்தைவேலு கேட்டான். ஸ்கோப் மாட்டியானதும் ரைபிளை மேஜையோடு சேர்த்துப் பூசிவிடுவது சங்கத்தின் வழக்கம் என்றார் ஆறுச்சாமி. இல்லாவிட்டால் ஆட்கள் கண்ட கண்ட இடத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்களாம்.

"கலவை இறுகறதுக்குள்ள முடிச்சுப்போடுங்க" என்றான் மாரப்பன். "மறுக்காக் கலக்கச் சிமெண்டில்லீங்க."

ரைபிளை மேஜைமேல் இருந்த மணல் மூட்டையில் கிடத்தினார்கள். அதன் முதுகில் இரண்டு வளையங்களைப் பொருத்தினார்கள். வளையங்களுக்குள் ஸ்கோப்பை வைத்து மேல் மூடியைப் போட்டார்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல்கடை இடைவெளி விடச் சொன்னார் ஆறுச்சாமி. நெருங்கிப் பார்த்தால் சுடும்போது ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தில் அடிக்கும். அவருடைய புருவத்துக்கு மேல் பிறை பிறையாகத் தழும்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக, முடி தொடங்கும் இடம் வரைக்கும் இருந்தன.

யாரைப் பார்ப்பதற்காக அவ்வளவு நெருங்கினார் என்று குழந்தைவேலு கேட்டான்.

ஆறுச்சாமி யோசித்தார். "யாரையோ. மறந்துபோச்சப்பா."

திருகுகளை முடுக்கும் வேலை குழந்தைவேலுவுடையது. இடது திருகைக் கால் சுற்று, வலது திருகைக் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். அவனுக்கு அவசரம். இடது பக்கத்தை ஒரேயடியாக முடுக்கினான். தெரு இடது பக்கமாகச் சாய்ந்தது. சைக்கிள்கள் வரிசையாக விழுந்தன. ஒரு நாய் சுவரில் நடந்து போனது. பக்கத்து வீட்டு ருக்குமணி ஜன்னலில் வந்து நின்றாள். அவளும் சாய்வாகத்தான் நின்றாள்.

"ஏனுங்ணா, அந்தப் பக்கத்தையுங் கொஞ்சம் முடுக்குங்க. மாவு வழியுது."

அவன் வலது பக்கத்தை முடுக்கினான். தெரு எழுந்து நின்றது. ருக்குமணி மாவைத் துடைக்கப் போனாள். போகும்போது, அக்காளைப் பார்த்தால் இரவல் வாங்கிப் போன முறத்தைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

குழந்தைவேலு கண்ணை வைத்தான். வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி இருந்தது. அதன் பின்னால் செம்மண் தரை சரிவாகக் கிடந்தது. அதில் எதுவும் நிற்கவில்லை. கல், முள், பனை எல்லாம் உருண்டு வட்டத்தின் ஓரத்தில் குவிந்து கிடந்தன.

ஆள் இல்லையே என்றான்.

ஆறுச்சாமி குனிந்து, ஸ்கோப்பைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார். "குறி கோணலா இருக்குது. உன்ற கழுத்துக்கு மட்டம் பாத்து மாட்டியிருக்கற. கழுத்தே கோணல்."

உண்மைதான். ஒரு காதைத் திருப்பி வைத்துத் திருப்பி வைத்து அவன் கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டிருந்தது. அவனுக்கு அது நேராகத்தான் தோன்றியது.

மாரப்பன் கையைக் கழுவாமலே வந்தான். குழந்தைவேலுவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, செங்கல்லை வைப்பதுபோல நேராக வைத்தான். உள்ளே ஏதோ நறுக்கென்றது. வலியில்லை. மைதானத்துப் பக்கத்திலிருந்து இத்தனை நாளாகக் காதில் விழுந்துகொண்டிருந்த மெல்லிய சத்தம் மட்டும் நின்றது. அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

பிறகு மாரப்பன் தன் தூக்குக்குண்டை மேஜைக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டான். குண்டு நேராகத் தொங்கவில்லை. மைதானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. ஆறுச்சாமி அதைத் தொட்டுப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்றார். இந்த வீட்டுக்குக் கீழே என்பது அந்தப் பக்கம்தானாம். பின்னாலிருந்து பார்த்தால் நூல் நெட்டாகத்தான் தெரிந்தது. குழந்தைவேலு திருகுகளைத் தளர்த்தி, கூட்டல் குறியின் நெட்டுக்கோட்டை நூலோடு ஒட்ட வைத்தான். இந்தத் தடவை கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கினான். தெரு அசையவில்லை.

கண்ணை வைத்தான். பூங்கோதை இருந்தாள்.

பலகையில் முதுகைச் சாய்த்து நின்றாள். தாள் பறக்காமலிருக்க முதுகால் அழுத்திக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் அதன் ஓரங்களைப் பிடித்திருந்தாள். பசை வாளி காலடியில் கவிழ்ந்து கிடந்தது. காதோரத்தில் கொஞ்சம் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. கையை எடுக்க முடியாததால் உதட்டைக் கோணி அதை ஊதினாள். ஈ போய்விட்டு மறுபடி வந்தது. அவள் நேராக இவனைத்தான் பார்த்தாள். ஆனால் இவன் தெரிந்த மாதிரி இல்லை.

கூட்டல் குறி அவள் ரவிக்கையின் இரண்டாவது கொக்கியில் இருந்தது.

"தெரியுதா?" என்றார் ஆறுச்சாமி.

"தெரியுதுங்க."

ஆறுச்சாமி சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து மேஜையில் வைத்தார். சுட்டால்தான் மாட்டியதாகக் கணக்கு. சுட வேண்டும், குண்டு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும், ஸ்கோப்பின் குமிழைத் திருகிக் குறியை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சுடாத ஸ்கோப் வெறும் குழாய். சுடாவிட்டால் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

குறுக்கே ஆள் நிற்கிறதே என்றான் குழந்தைவேலு. விலகச் சொல், என்றார். கத்தினால் போய்ச் சேர எத்தனையோ மாதம் ஆகும் என்றான். கலவை அவ்வளவு தாங்காது என்றான் மாரப்பன். வானத்தில் சுடட்டுமா என்று குழந்தைவேலு கேட்டான். வானத்தில் ஓட்டை தெரியாது என்றார் ஆறுச்சாமி. யாரும் கோபப்படவில்லை. மாரப்பன் கரணையைச் சட்டி விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தான்.

குழந்தைவேலு ஒரு கணக்குப் போட்டான். வேறு பக்கம் சுட்டுவிடலாம். சுட்டதும், கொத்தனார் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள், ரைபிளை இவள் பக்கம் திருப்பிவிடலாம். அப்புறம் பூசட்டும். ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ரைபிளை ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளினான். அந்தத் தூரத்துக்கு ஒரு மயிரிழை என்பது ஒரு ஊர். பூங்கோதை வட்டத்தை விட்டுப் போனாள். ஒரு முள்செடி வந்தது. சுட்டான்.

முள்செடிக்குப் பக்கத்தில் மண் ஒரு கைப்பிடி எழுந்து அடங்கியது. ஸ்கோப் புருவத்தைத் தொடவில்லை. இடைவெளி சரியாக இருந்தது.

அவன் ரைபிளைத் திருப்பக் கை வைத்தான். அது திரும்பவில்லை. மாரப்பன் ஏற்கெனவே பூசி முடித்து, மட்டப்பலகையால் தேய்த்துக்கொண்டிருந்தான். மணல் மூட்டை, மேஜைக் கால், தரை எல்லாம் ஒரே வார்ப்பாக இருந்தன. ஆறுச்சாமி குமிழ்களைத் திருகிக் குறியை அந்த ஓட்டையின் நட்டநடுவில் நிறுத்தினார். வளையங்களின் மேல் அரக்கை உருக்கி ஊற்றினார்.

"என்ற பொண்டாட்டி அக்கட்ட நிக்கறாளுங்க" என்றான் குழந்தைவேலு.

"நிக்கட்டுமே."

"அவளப் பாக்கத்தானுங்க ஸ்கோப்புக் கேட்டேன்."

ஆறுச்சாமி தீக்குச்சியை ஊதி அணைத்தார். "ஸ்கோப்புங்கறது நீ நெனைக்கற எடத்தப் பாக்கறதுக்கில்லப்பா. குண்டு விழுந்த எடத்தப் பாக்கறதுக்கு."

அவர் துண்டை உதறி மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினார். மாரப்பன் பூச்சு இறுகும்வரை தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டான்.

குழந்தைவேலு சொன்னபடி தண்ணீர் தெளித்தான். பிறகு கண்ணை வைத்தான். முள்செடி தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது. மண்ணில் விழுந்த ஓட்டைக்குள் எறும்புகள் குடிபுகுந்ததையும், கதவு போல ஒரு சருகை இழுத்து வைத்ததையும் பார்த்தான். பூங்கோதை வலப்பக்கம் இருந்தாள். வட்டத்துக்கு வெளியே. தலையை எவ்வளவு சாய்த்தாலும் வட்டம் அதே வட்டமாகத்தான் இருந்தது.

சாயங்காலங்களில் வெயில் வலப்பக்கத்திலிருந்து விழும். அப்போது வட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு நிழல் மெல்ல நுழையும். முதலில் கொண்டை. பிறகு தலை. தோள் வருவதற்குள் பொழுது இறங்கிவிடும். அவன் வேலையை விட்டுவிட்டான். சாயங்காலத்துக்கு உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. ஒரு நாள் நிழல் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டியது. ஈயாக இருக்கும்.

மைதானம் நீண்டுகொண்டுதான் இருந்தது. நிழல் தோள் பக்கம் வரைக்கும் வருவது நின்றது. பிறகு தலை பாதிதான் வந்தது. பிறகு கொண்டை மட்டும். பிறகு ஒரு சாயங்காலம் வெயில் வந்தது, முள்செடியின் நிழல் நீண்டது, வேறு நிழல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஆறுச்சாமி ஒருமுறை மேற்பார்வைக்கு வந்தார். கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். அரக்கைத் தட்டிப் பார்த்தார். பூச்சைத் தட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேர்த்தியாக மாட்டியதைப் பார்த்ததில்லை என்றார். மற்ற வீடுகளிலெல்லாம் நாளாக ஆகக் கொஞ்சமாவது விலகிவிடுமாம்.

குழந்தைவேலு ஒரே ஒரு திருகை மட்டும் தளர்த்தலாமா என்று கேட்டான்.

"எதுக்கப்பா? மயிரளவு கூட விலகலியே."

"ஆமாங்க" என்றான் குழந்தைவேலு. "விலகல."

அவர் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கழுத்து நேராக இருந்தது. நாலு விரல்கடை விட்டுக் கண்ணை வைத்தான். எறும்புகள் சருகைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.