முழுப் பேர்

"இதையே கட்டிருவோமா?" என்று தகரப் பெட்டிக்குள்ளிருந்து நீலச் சேலையைத் தூக்கிக் காட்டினாள் நாகலெட்சுமி.

ஜெயந்தினி, இறந்து கிடந்த அம்மாவின் விரல்களைத் தேசிக்காய்த் துண்டின் புளிச்சாறால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து ஏறிய கறுப்பு. போகாது என்று தெரியும், இருந்தாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. நிமிர்ந்து பார்த்தாள். அது நாளைக்கு அவள் கட்டிக்கொண்டு போகவேண்டிய சேலை. நாளைக் காலையில் கொழும்பில் ஒரு தினசரிப் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலைக்கு நேர்முகம். அதற்கென்றே அம்மா ராசம்மா ஹட்டனுக்குப் போய், கடை கடையாய் ஏறி இறங்கி வாங்கி வந்தாள். பக்கத்து வீட்டு நாகலெட்சுமிக்கு அது எப்படித் தெரியும்?

"கட்டுங்க அக்கா."

சொன்னதும் மனசில் ஒரு ஆசுவாசம் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. தாய் செத்த வீட்டைவிட்டு நேர்முகத்துக்கு ஓடுவாளா ஒருத்தி? போகவில்லை என்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அங்கே பட்டம் படித்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவள் கையில் இருந்ததெல்லாம் ஹட்டனில் ஒரு மாத இதழுக்கு அச்சுப்பிழை பார்த்த கொஞ்ச நாளும், பத்திரிகைகளுக்கு அனுப்பிய சில தோட்டச் செய்திகளும்தான்.

தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பாலச்சந்திரன் சேர்தான் அவளைத் தயார்படுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர். பின்னேரங்களில் லயத்து வீட்டுக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, தானே பத்திரிகை முதலாளி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். "உமக்கு அனுபவம் காணாதே. ஏன் உம்மை நாங்கள் எடுக்க வேணும்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் அவள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுப்படியிலிருந்து ராசம்மா சிரிப்பாள்.

"எட கொறஞ்ச கொழுந்த எதுக்கு எடுக்கணும்னு கேக்குறாரு. கணக்கப்பிள்ள மாதிரியேதான் பேசுறீங்க சேர்!"

நேற்று முற்பகல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராசம்மா, கொஞ்சம் தண்ணி குடு என்று கேட்டாளாம். தண்ணீர் வருவதற்குள் தேயிலைச் செடிமேல் சாய்ந்துவிட்டாள். கூடை அப்போது பாதிகூட நிறையவில்லை.

வெளியே தப்பு மேளச் சத்தம் கேட்கத் தொடங்கியது. நீலச் சேலை அம்மாவுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. அப்பா கந்தப்பன் வாசலில் நின்று ஒருதரம் பார்த்தார். அவருக்கு அந்தச் சேலையைத் தெரியும். ஜெயந்தினியைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சவப்பெட்டியைத் தூக்கும்போது பாலச்சந்திரன் சேர் அவள் பக்கத்தில் வந்தார்.

"அடக்கம் முடிஞ்சு வந்து, ஹட்டனுக்குப் போய் நான் போன் எடுக்கிறன் பிள்ளை. செத்த வீடெண்டால் அவைக்கு விளங்கும். வேறொரு நாள் தருவினம்."

"தராட்டி?"

அவர் குனிந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்.

"சரி சேர்" என்றாள்.

பெண்கள் றோட்டு திரும்பும் முடக்கோடு நின்றார்கள். பெட்டி தேயிலைக்குள் இறங்கி மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, வீட்டைக் கழுவத் திரும்பினார்கள். ஜெயந்தினி கடைசியாய் வந்து சேர்ந்தாள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அழுகையும் தீர்ந்துபோயிருந்தது. வாசலில் அம்மாவின் கொழுந்துக் கூடை கவிழ்ந்து கிடந்தது.

"அந்தக் கூடைய பத்தரமா வையி," என்றாள் நாகலெட்சுமி, வாளித் தண்ணீரை ஊற்றியபடி. "நேத்து அந்தியில அதையும் மடுவத்துக்குத் தூக்கிட்டுப் போயி தராசுல வச்சோம். பாதியில போயிட்டாங்க, அரைப் பேருதான் போடலாம்னாரு கணக்கப்பிள்ள. நான் ஏங் கூடையில இருந்து ரெண்டு கை அள்ளிப் போட்டேன். பொறகு பூரணி போட்டா. பொறகு எல்லாரும் வந்து போட்டாளுங்க. எட நெறஞ்சிருச்சு. அவரும் தல நிமிராம முழுப் பேரு போட்டுட்டாரு."

"ஒங்களுக்குக் கொறஞ்சிருக்குமே அக்கா?"

"எனக்கும் பூரணிக்கும் அரைப் பேருதான்." விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளினாள். "அதுக்கென்ன, போ."

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். நிறை குறைந்தால் அரைப் பேர். போன வருசம் ஜெயந்தினி, 'கொழுந்து குறைந்த பெண்களுக்கு அரைப் பேர் மட்டுமே போடப்பட்டது' என்று ஒரு செய்தி எழுதி அனுப்பினாள். கொழும்பில் யாரோ அதைத் திருத்தி, 'பெண்களில் அரைவாசிப் பேருக்கு மட்டுமே வேலை' என்று போட்டுவிட்டார்கள். மடுவத்தில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள், எங்களுக்கு வேலையில்லேன்னு ஏண்டி எழுதுன என்று. பாலச்சந்திரன் சேரே, "நானும் ஆக்களில பாதியெண்டுதான் விளங்கினனான்" என்று தலையைச் சொறிந்தார். ராசம்மா மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நம்ம பேரு அவங்களுக்கு வெளங்கல. நீயே போயி அங்க குந்திக்கடி."

ஜெயந்தினி கூடையை நிமிர்த்தி வைத்தாள். உள்ளே பிரம்பு இடுக்கில் வாடிப்போன கொழுந்து ஒன்று ஒட்டியிருந்தது. யார் அள்ளிப் போட்டதோ. அம்மா போன பிறகு முதல்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது, தன்மேலேயே.

"அக்கா, அம்மாவுக்குக் கட்டுன சேல... நாளைக்கு நான் கட்டிட்டுப் போக வச்சிருந்தது."

நாகலெட்சுமியின் கையிலிருந்து வாளி நழுவியது. "அடிப் பாவி! சொல்லக் கூடாதா?"

"போக வேணாம்னுதான் இருந்தேன்."

"இப்ப?"

ஜெயந்தினி கூடையைப் பார்த்தபடி நின்றாள். நாகலெட்சுமி ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது அவள் கையில் அந்துருண்டை வாசத்தோடு ஒரு மஞ்சள் சேலையும் ரவிக்கையும் இருந்தன.

ஆண்கள் திரும்பி வந்து வாசலில் கால் கழுவினார்கள். கந்தப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் மஞ்சள் சேலையில் நின்றாள். நாகலெட்சுமி வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, தொளதொளத்த ரவிக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பால் ஊத்துறது..." என்று யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

"நான் ஊத்திக்கிறேன்," என்றார் கந்தப்பன். "அஞ்சு மணி பஸ்ஸ விட்டுறாத தாயி."

பாலச்சந்திரன் சேர் வாசற்படியில் தயங்கி நின்றார். "அப்ப போன் எடுக்கத் தேவையில்லை என்ன?" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பழக்கதோசத்தில் கேட்டார்: "ஏன் உம்மை எடுக்க வேணும் எண்டு கேட்டால், என்ன சொல்லுவீர்?"

ஜெயந்தினி வாயைத் திறந்தாள்.

"ஆடாம நில்லு," என்றாள் நாகலெட்சுமி ஊசிகளுக்கிடையில். "குத்திரும்."

ஜெயந்தினி கைகளைத் தூக்கியபடி அசையாமல் நின்றாள். நாகலெட்சுமியின் கறுத்த விரல்கள் தோளில், முதுகில், இடுப்பில் என்று, குறைகிற இடமெல்லாம் மடித்துப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தன.