அக்கரைக்கு எந்த ர?

1

இந்தக் கதை கல்பனாவுக்கு ராஜபாளையம் ரயில் நிலையத்தில் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வண்டி தாமதம். பக்கத்து வீட்டுக் கருத்தப்பாண்டி மாமா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். எனவே ஒட்டுக்கேட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது.

பேசியது அவருடைய அக்கா சந்தனம். இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். “ஏலே தம்பி, அக்கறைன்னு ஒண்ணு இருக்கது ஒனக்கு ஞாபகம் இருக்கா?”

2

கல்பனா எழுதிய முதல் தொடக்கம்: ‘அன்று எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், பிறகு மறுபடியும் ரயில். புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பின்பு ராமேசுவரத்துக்குக் கப்பல். இலங்கையில் சண்டை வந்ததும் அதுவும்...’

(பாடப்புத்தக வாடை. அடித்தாயிற்று.)

இரண்டாவது: ‘ஒன்பது வயதில் பெற்றோரோடு இந்தியாவுக்குக் கப்பலேற வந்தான் கருத்தப்பாண்டி. தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா, தலைமன்னார் ரயிலடியில் நின்று அழு...’

(அழவில்லையாம். அதட்டினாளாம்: “இதே ரயில்ல திரும்பி வரணும்லே!”)

3

மாமா பட்டாளத்தில் இருந்தவர். ரயிலடியில் அக்கா சொன்னதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். மகன் வெள்ளிக்கிழமைக்கு மதுரையிலிருந்து விமான டிக்கெட் எடுத்துவிட்டான். “அந்த ரயில மறுபடி விடட்டும், பொறவு போறேன்” என்று இவர் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். அக்கா அதுவரை இருப்பாளா என்பதுதான் கேள்வி.

கல்பனாவுக்கு என்ன, காகிதம்தானே! கதையில் கடல்மேல் பாலம் போட்டு ரயிலையும் ஓட்டிவிட்டாள். மாமாவிடம் படிக்கக் கொடுத்தாள்.

“நல்லாத்தான் ஓடுது. ஆனா அக்கா பேச்சுல பெரிய ற போட்டுருக்கியே?”

“காதுல ரெண்டும் ஒண்ணுதான மாமா. பாசத்தச் சொல்லுதாகன்னு நெனச்சேன்.”

“நான் சின்ன ரன்னுல்ல நெனச்சேன். அக்கரைய, அந்த ஊரத்தான் கேக்கான்னு...” அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தார். “அப்ப அவ ஊரக் கேக்கலியோ? என்னயத்தான் கேட்டாளோ?”

கல்பனாவுக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே பாலத்தைப் பிரித்துப் போட்டாள்.

4

வெள்ளிக்கிழமை காலை. மதுரைக்குப் போகிற கார் வாசலில் நிற்கிறது. மாமா சலவைச் சட்டை போட்டிருக்கிறார். ஆனால் அந்தச் சட்டையை அவர் ரயில் நிலையத்துக்கும் போடுவார்.

கடைசி வரியில் ஓர் எழுத்துக்குக் கல்பனா இடம் விட்டிருக்கிறாள். சின்னதைப் போட்டால் அவர் ரயிலுக்குக் காத்திருப்பார். பெரியதைப் போட்டால் காரில் ஏறுவார். சந்தனம் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கிடக்கிறாள். நீங்களே சீக்கிரம் எழுதுங்கள்:

‘மாமாவுக்கு அக்க__ இருக்கிறது.’