ஏழு பேர் உறை

ஏழு பேருக்குள் சுற்றிவரும் எங்கள் கடித உறைக்கு ஒரே சட்டம்தான். தபாலில் வந்ததும் உள்ளே இருக்கும் ஏழு கடிதங்களையும் படிக்க வேண்டும். நம்முடைய பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, மூன்று நாளுக்குள் அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். ரேடியோவில் கேட்ட பாட்டைப் பற்றிச் சண்டை போடத்தான் இத்தனை ஏற்பாடும்! செஞ்சி கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த சொக்கலிங்கம் ஆரம்பித்தது. ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் தளவானூர் ராஜாராமுக்கும் எனக்கும் ஒரு பாட்டில் வரும் புல்லாங்குழலை வைத்து ஆறு மாதம் கடிதத்திலேயே தகராறு. ‘அசீசுன்னிசா, செஞ்சி’ என்று அழுத்திக் கையெழுத்துப் போடுவேன்.

அது எண்பத்தாறாம் வருடம். வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். மாமியாருக்குக் காது கேட்காது. உறையில் வருவது தையல் அளவுக் காகிதம் என்றே நினைத்திருந்தார். நாள் முழுக்க மிஷின் சத்தம்தான் எனக்குத் துணை.

அந்த ஆடியில் வந்த உறையை நான் அனுப்பவில்லை. மறந்துபோனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அனுப்பினால் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆகும். இன்னொரு தடவை படித்துவிட்டு நாளைக்கு அனுப்பலாம் என்றே ஒரு மாதம் வைத்துக்கொண்டேன். புத்தி கெட்ட வேலை.

உறை தொலைந்துவிட்டதென்று முடிவுகட்டி, சொக்கலிங்கம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டாராம். தபால்காரர் தங்கராசுதான் சொன்னார்.

“இனிமே உறை இன்னாத்துக்கும்மா? யாரு வேணா வந்து எழுதலாம். அங்கயே பதிலு. உங்க உறைக்காரங்க ஆறு பேரோட சேத்து முப்பது பேரு எழுதுறாங்க, ஜேஜேன்னு இருக்குது.”

“யாரு வேணான்னா நானுமாண்ணே? டீக்கடை பெஞ்சுல போயி குந்திக்கட்டுமா?”

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்றைக்கே எழுதினேன். ‘உறை தொலையவில்லை. நான்தான் வைத்திருந்தேன். பேச ஆளில்லாமல் வைத்திருந்தேன். மன்னித்துவிடுங்கள், இதை நிறுத்திவிடாதீர்கள்.’ சட்டப்படி என் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்து ராஜாராமுக்கு அனுப்பினேன். அப்புறம் தினமும் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து வந்தது. கையில் வாங்கியதுமே கனமில்லை என்று தெரிந்தது. ஆறு பேரும் சட்டப்படி தங்கள் பழைய கடிதத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதியதை ஒருவரும் வைக்கவில்லை. உள்ளே என் கடிதம் மட்டும், பலமுறை பிரித்து மடித்து ஓரம் நைந்துபோய்க் கிடந்தது.

அப்படியானால் எல்லோரும் படித்திருக்கிறார்கள்.