நெட்டையனுக்கு முகம் இல்லை

"முகம் எங்கம்மா?" என்றார் கண்காட்சிக்குத் தேர்வு செய்ய வந்தவர்.

நெட்டையன் என்று செல்லப்பெயர் வாங்கிய அந்த ரோபோவுக்குக் கழுத்துக்கு மேல் ஒரு குழாயும் இரண்டு கேமராக்களும்தான் இருந்தன.

"ரப்பர்ல செஞ்சு மாட்டியிருந்தேன் சார். அந்த கனம் தாங்காம படியில குப்புற விழுந்தான். முகமா, நடையான்னு யோசிச்சு, முகத்தைக் கழட்டிட்டேன்" என்றாள் தங்கை. அவனைச் செய்தவள் அவள். மாடியில் இருந்த அந்தப் பட்டறை அண்ணனுடையது.

"கை கால் எல்லாம் சரிதான். பாத்தா மனுஷன்னு தோணணுமேம்மா. மனித உருவ ரோபோ அரங்குல இதுக்கு இடம் கிடையாது" என்று சொல்லி, படிவத்திலும் அப்படியே எழுதினார்.

அந்த அரங்கில் இடம் கிடைக்காவிட்டால் நெட்டையனின் மோட்டார்களைக் கழற்றிப் பெட்டி அடுக்கும் இயந்திரத்தில் மாட்டப்போவதாக அண்ணன் முன்பே சொல்லிவிட்டான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

அண்ணனும் தேர்வாளரும் காபி குடித்தார்கள். அங்கே நிற்கப் பிடிக்காமல், கீழே வந்து இறங்கியிருந்த பேட்டரிப் பெட்டியை எடுத்துவர நெட்டையனை அனுப்பினாள். நாளைக்கு இருப்பானோ மாட்டானோ, இன்றைய வேலையையாவது செய்யட்டும்.

தேர்வாளர் கிளம்பினார். அது ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏறத் திணறும் படிக்கட்டு. போனில் கண்ணை நட்டபடி அவர் இறங்க, கீழேயிருந்து நெட்டையன் பெட்டியோடு ஏறி வந்துகொண்டிருந்தான். மேலே நின்ற அவள் கத்த வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். கத்தினால் மனிதர் திடுக்கிட்டுக் கால் தவறிவிடுவார்.

நெட்டையன் நின்றான். பெட்டியை இடுப்புக்கு மாற்றினான். ஒரு தோளைப் பின்னுக்கு இழுத்து, முதுகைச் சுவரோடு ஒட்டி, இல்லாத வயிற்றை எக்கிக்கொண்டு வழிவிட்டான். நிற்க, நடக்க, திரும்ப எல்லாம் அவள் கற்றுக்கொடுத்ததுதான். எதிரே ஆள் வந்தால் இப்படி ஒதுங்கு என்று மட்டும் அவள் சொல்லித்தந்ததில்லை. அடேயப்பா, என்ன ஒரு பதவிசு. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தேர்வாளரும் தோளைச் சாய்த்து, தலையைத் தூக்காமலேயே உரசிக் கடந்தார்.

"தேங்க்ஸ் தம்பி" என்றார்.

நாலு படி இறங்கியதும் அவர் கால் நின்றது. மெல்லத் திரும்பி, ஏறிப் போய்க்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தார்.

"எழுதினதை மாத்தணும்மா" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு அவர் திரும்ப ஏறினார். முன்னால் ஒருவன் சுமையோடு போகிறானே என்று, அவசரப்படுத்தாமல், ஒரு படி இடைவெளி விட்டே ஏறினார்.