எதிராளி நாற்காலி

"அவர் மேல கேஸ் போடறதுக்கு அவரையே வக்கீலா வைக்கப் போறீங்களா? ரேக் விழுந்தது கையிலயா, தலையிலயா?"

கேட்டுக்கொண்டே குமாஸ்தாவின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள் மனைவி. வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் கிடந்ததால், பொத்தான் போடப்படும் நேரத்தில் அவரால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

"வேற யாரும் எடுக்க மாட்டேங்கறாங்களே."

"எல்லாரையும் கேட்டாச்சா?"

"கோர்ட்டு வாசல்ல நிக்கற மரத்தைத் தவிர எல்லாரையும் கேட்டாச்சு."

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவதில் அந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் பெயர். நீதிமன்ற வட்டாரத்தில் அவரைக் கைகால் வக்கீல் என்பார்கள். இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்கள், சாரத்திலிருந்து விழுந்தவர்கள் எல்லாரும் அவருடைய மாடிப்படி ஏறி வருவார்கள். ஏற முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். குமாஸ்தா வேலை பார்த்தது அவரிடம்தான்.

ஜெயித்த வழக்குகளின் கட்டுகளை வக்கீல் யாரையும் தூக்கிப் போட விடமாட்டார். அவை ஓர் இரும்பு ரேக்கில் கூரை வரை ஏறியிருந்தன. அந்த ரேக் சுவரில் அடித்த இரண்டு ஆணிகளை நம்பி நின்றது. ஆணிகள் சுவரை நம்பின. சுவரோ மழையில் ஊறிப்போயிருந்தது. ஒரு நாள் மத்தியானம், மேல்தட்டிலிருந்து ஒரு பழைய கட்டை எடுக்கச் சொன்னார் வக்கீல். குமாஸ்தா ஒரு ஸ்டூல் மேல் ஏறி இழுத்தார். கட்டு வரவில்லை, சுவர் வந்தது. அதன் பின்னால் மற்றதெல்லாம் வந்தது. எத்தனையோ வருடங்களாக நியாயம் கிடைத்த கைகளும் கால்களும் ஒன்றாகச் சேர்ந்து அவருடைய மணிக்கட்டின் மேல் இறங்கின.

எலும்பு கோணலாகச் சேர்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீக்கிரம் திறந்து தகடு வைக்காவிட்டால் விரல்கள் மடங்காதாம். விரல் மடங்காத குமாஸ்தாவுக்கு டைப் அடிக்க வராது, டைப் அடிக்காத குமாஸ்தாவை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆபரேஷனுக்கு வீட்டில் வழியில்லை. ஆனால் வக்கீல் நோட்டீஸ் ஒன்று போனாலே முதலாளிகளில் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு சமாதானத்துக்கு ஓடி வருவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் ஒவ்வொரு வக்கீலாகப் போய் நின்றார்.

முதலில் பார்த்தவர் எதிராளி யாரென்று கேட்டதுமே மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார். "அண்ணன் மேலயா? எனக்கு வாதம் பண்ணவே அவர்தானே சொல்லிக் குடுத்தாரு!" இன்னொருவர் நேர்மையானவர். "நல்ல கேஸ்தான். ஆனா இதுல எனக்குச் சந்தேகம் வந்தா அவர்கிட்டதான் போய்க் கேக்கணும். நீங்க நேராவே போயிடலாமே?"

அந்த யோசனையில் குமாஸ்தாவுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

மனைவியோடு அவர் மாடியேறியபோது வக்கீலின் அறைக் கதவு திறந்தே இருந்தது. விழுந்த ரேக் விழுந்த இடத்திலேயே, கரை ஒதுங்கிய திமிங்கலம்போலக் கிடந்தது. சிதறிய கட்டுகளுக்கு நடுவே வக்கீல் நடந்து நடந்து ஓர் ஒற்றையடிப் பாதை உண்டாகியிருந்தது.

"வாய்யா, வா! கை எப்படி இருக்கு? நீ இல்லாம ஒரு பேப்பர் கைக்கு வர மாட்டேங்குது. உக்காரும்மா."

"ஒரு கேஸ் விஷயமா வந்தேன் சார்."

"யாரோடது?"

"என்னோடதுதான் சார். வேலை செய்யற எடத்துல அடிபட்டுடுச்சு."

வக்கீலின் முகம் மாறியது. கட்சிக்காரர்களுக்கென்று தனியாக வைத்திருந்த கனிவான முகம் வந்து உட்கார்ந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

"எதிராளி?"

"நீங்கதான் சார்."

மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அவனை விடக்கூடாதுய்யா," என்றார் வக்கீல்.

மனைவி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"வேலைக்குச் சேந்தப்ப ஏதாவது எழுதிக் குடுத்தானா?"

"இல்ல சார்."

"குடுக்க மாட்டான். இந்த மாதிரி ஆளுங்களை எனக்கு நல்லாத் தெரியும். ரேக் ஆடுதுன்னு முன்னாடியே சொன்னியா?"

"மழைக்கு முன்னாடியே சொன்னேன் சார்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

குமாஸ்தா தயங்கினார். "விழுந்தா பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

"ஆகா!" வக்கீல் மேசையில் ஓங்கித் தட்டினார். "விழுந்தா பாத்துக்கலாம்! என்ன திமிரு பாத்தியா? இந்த ஒரு வார்த்தை போதும்யா, ஆளைக் கோர்ட்டுல உரிச்சுத் தொங்க விட்டுடறேன். கையெழுத்து மட்டும் எதிர் ரூம் வக்கீல் போடட்டும். நானே போட்டா ஊரு சிரிக்கும். எழுதறதெல்லாம் நான்தான்."

"சார், குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க," என்றாள் மனைவி. "தப்பு உங்க மேலதான்னு நீங்களே சொல்றீங்க. கேஸ் கீஸெல்லாம் எதுக்கு? ஆபரேஷன் செலவை நீங்களே குடுத்துட்டா முடிஞ்சு போச்சே."

வக்கீலின் மனம் நிஜமாகவே புண்பட்டது.

"கேஸ் இல்லாமலா? அதுக்குப் பேரு தர்மம்மா. இத்தனை வருஷம் என்கூட இருந்தவனுக்கு நான் பிச்சை போடுவேன்னு நெனச்சியா? உரிமையைப் போராடித்தான் வாங்கணும். அந்த ஆளும் லேசுல குடுத்துடக் கூடாது. லேசுல வந்தா ஜெயிச்ச மாதிரியே இருக்காது."

"எங்களுக்கு ஜெயிக்கவெல்லாம் வேணாம் சார். வெரல் மடங்கினாப் போதும்."

"ஜெயிச்சா தன்னால மடங்கும்."

வக்கீலுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வழக்கானாலும் தன் சுழல் நாற்காலியை விட்டு எழுந்துபோய், சுவரோரம் கிடக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, எதிராளியாகப் பேசிப் பார்ப்பார். பட்டறை முதலாளி, லாரி முதலாளி என்று அதில் அவர் ஆகாத ஆளில்லை. அசல் முதலாளிகளைவிட நன்றாகவே பேசுவார். பிறகு சுழல் நாற்காலிக்குத் திரும்பி வந்து அவர்களை நார்நாராகக் கிழிப்பார். இப்போதும் கட்டுகளைத் தாண்டிப் போய் பிரம்பு நாற்காலியில் அமர்ந்தார். இந்த முறை வேறு ஆளாக மாற வேண்டிய சிரமம் இல்லை.

"ஐயா," என்று கண்ணுக்குத் தெரியாத நீதிபதியைப் பார்த்துத் தொடங்கினார். "இவன் யாரு? என் தொழிலாளியா? இல்லைய்யா, என் கூடப் பொறக்காத தம்பி. எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை வாங்கிட்டு வரது இவன்தான். என் வீட்டுல குழாய் உடைஞ்சாலும் இவன்தான் ஓடி வருவான். தம்பிக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா? மாசாமாசம் கைச்செலவுக்குக் குடுத்தேன், அவ்வளவுதான். கட்டை எடுன்னுதான் சொன்னேன். ஸ்டூல் மேல ஏறுன்னு சொன்னேனா? அது அவனாப் பாத்து ஏறுனது. என் தம்பி கை உடைஞ்சு கிடக்கறப்ப என்னைப் போய் முதலாளிங்கறாங்களே, எனக்கு எப்படி இருக்கும்?"

குமாஸ்தா தன்னையறியாமல் ஆமோதித்துத் தலையாட்டினார். மனைவி அவர் காலை மிதித்தாள்.

"சார், இந்தப் பக்கம் வாங்க. வந்து இதுக்குப் பதில் சொல்லுங்க."

வக்கீல் பாதி எழுந்தார். சுழல் நாற்காலியை வெகுநேரம் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குப் பதிலே இல்லையேம்மா," என்றார் வியப்போடு. "இப்படி ஒரு வாதத்தை நான் பாத்ததே இல்ல." காலமெல்லாம் நின்றுகொண்டே பயணம் செய்தவனுக்கு இடம் கிடைத்ததுபோல, பிரம்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப எங்க கேஸு?"

"போடாம விடுவேனா? நாளைக்கே நோட்டீஸ். அதுல மாத்தமே இல்ல. நான் ஒரு பக்கம் நின்னு இன்னொரு பக்கத்தைக் கைவிடறவன் இல்லம்மா. ஆனா எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி வேணுமில்ல? அன்னைக்கு இந்த ரூமுல இருந்தது நாங்க ரெண்டு பேருதான்."

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் விரல்களை மெதுவாகப் பற்றினார். வீங்கிப்போயிருந்த அவை மடங்கவில்லை. வக்கீலின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"தம்பி, எனக்காக ஒரே ஒரு வார்த்தை. 'நான் அங்க வேலை பாக்கல, சும்மா வந்து போயிட்டிருந்தேன்'னு கூண்டுல ஏறிச் சொல்லிடறியாப்பா?"