மணல் என்று போட்டிருந்த இடம்

இரண்டு நாள் கடல் அக்காவையும் தங்கையையும் பிழிந்து காயப்போட்டிருந்தது. சரக்குப் படகை அக்கா ஓட்டுவாள். எஞ்சினும் நங்கூரமும் தங்கையின் பாடு. நங்கூரச் சங்கிலியை இழுக்கும் மோட்டார் வழியிலேயே மண்டையைப் போட்டுவிட்டது. இனி எல்லாம் கைதான்.

சாயங்காலம் ஒரு குடாவுக்குள் நுழைந்தார்கள். கடல் வரைபடத்தில் குடாவின் நடுவே மணலைக் குறிக்கும் ‘எஸ்’ போட்டிருந்தது. ஆனால் அங்கே அலை ஆளை நிற்கவிடவில்லை. கரையோரம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வரைபடத்தில் அந்த இடம் வெறுமை.

“அக்கா, இங்கயே போட்டுடலாம். அங்க போட்டா தூங்கின மாதிரிதான்.”

“அடியில என்ன இருக்குன்னு படத்துல போடலையேடி.”

“அங்க மணலா இருக்கிறது இங்க வந்து மாறிடுமா?”

அக்காவுக்கு வாதாடத் தெம்பில்லை. “என்னவோ செய்” என்றாள்.

நங்கூரம் இறங்கியது. அக்கா படகை மெல்லப் பின்னுக்கு ஓட்ட, தங்கை வழக்கம்போல் சங்கிலியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். நங்கூரம் பிடித்தால் சங்கிலி விறைத்துச் சும்மா இருக்கும். இது கடகடவென்று அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. பாறைமேல் தத்தித் தத்திப் போகிற அதிர்வு. சொன்னால் அத்தனை சங்கிலியையும் கையால் இழுக்க வேண்டும்.

“பிடிச்சுதாடி?”

“ம்... பிடிச்சுது.”

எஞ்சின் அடங்கியது. அக்கா சுக்கானடியிலேயே சுருண்டாள். தங்கையும் படுத்தாள். கண் செருகியது, மனசு செருகவில்லை. இருட்டினதும் கரையை நோக்கிக் காற்று எழும் என்று ரேடியோ சொல்லியிருந்தது. வீடும் பிழைப்பும் இந்தப் படகுதான். இது கரையில் மோதினால் இரண்டு பேரும் தெருவில்.

முனகிக்கொண்டே எழுந்தாள். ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடிக்குழியில் கிரீஸை அப்பிக் கயிற்றில் இறக்கினாள். மணல் என்றால் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும். வந்த குண்டில் ஒரு பொடி இல்லை; கிரீஸ் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, அவ்வளவே.

“அக்கா, எழுந்திரு. பிடிக்கல. எனக்கு அப்பவே தெரியும்.”

அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். “திட்டக்கூட வாய் வரலடி. காலைல ஞாபகப்படுத்து, திட்டுறேன்.”

இருவருமாகச் சங்கிலியை இழுத்தார்கள். உள்ளங்கை தோல் உரிந்தது. ‘எஸ்’ போட்டிருந்த நடுவிடத்துக்கு வந்து நங்கூரத்தை மறுபடி இறக்கினார்கள்.

இந்த முறை அக்கா பிடித்ததா என்று கேட்கவில்லை. எஞ்சினைப் பின்னோட்டத்திலேயே விட்டுவிட்டுத் தானே முன்னால் வந்தாள். தங்கையின் கையைத் தள்ளிவிட்டு, விறைத்து நின்ற சங்கிலியில் தன் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.