சிவப்பு வைத்த குழாய்

மச்சினன் சுவரைப் பார்த்துத்தான் கேட்டான். "செவப்பு வச்சது ரிட்டர்ன் லைனுன்னு தெரிஞ்சுதானே மாட்டிருக்காங்க?"

மெக்கானிக் கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். ஒரு வாடிக்கையாளர் முன்னால், "மாமாவுக்குக் கை நடுங்குது, அத நான் பாத்துக்கறேன்" என்று மச்சினன் வாயை விட்டதிலிருந்து ஷெட்டில் இந்தக் கூத்துதான். ஸ்பேனர் வேண்டுமென்றால் மேசையிடம் கேட்பது, டீ வந்துவிட்டதென்று ஜாக்கியிடம் சொல்வது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் தபால்காரி" என்று மெக்கானிக்கின் மனைவி சிரிப்பாள். தம்பியையும் விட முடியாது, புருஷனையும் விட முடியாது அவளுக்கு.

சண்டையின் நடுவில்தான் மகளுக்காக அந்தப் பழைய காரைத் தயார் செய்தார்கள். பெட்ரோல் டேங்கை மச்சினன் கழற்றித் துரு எடுத்தான். டேங்கின் தலையில் இரண்டு சின்னக் குழாய்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று உள்ளே அடிமட்டம் வரை இறங்கும். அதன் வழியாகத்தான் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகும். இன்னொன்று பாதி ஆழத்திலேயே நின்றுவிடும். மிஞ்சிய பெட்ரோல் அதன் வழியாகத் திரும்பி வரும். குழம்பக் கூடாதென்று மச்சினன் அதில் ஒன்றுக்குச் சிவப்பு நகப்பூச்சு வைத்துவிட்டு வேறு வேலைக்கு வெளியூர் போய்விட்டான். புது ஹோஸ் வாங்கி மாட்டியது மெக்கானிக்.

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குச் சிவப்பு என்றால் போகிற லைன். வண்டிக்கு உயிர் கொடுப்பது அதுதானே. மச்சினன் வேலை பழகிய இடத்தில் திரும்புகிற லைனுக்குத்தான் சிவப்பு. இன்ஜின் சூடு பட்டு வருகிற பெட்ரோல் என்பதால். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போனை எடுத்துக்கூடப் பார்த்தார். கை நடுங்குகிறவன் சந்தேகமும் கேட்கிறான் என்று நினைப்பானே என்று வைத்துவிட்டார்.

டேங்கை நிரப்பித்தான் ஓட்டிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. ஓடாமல் என்ன செய்யும், நிரம்பிய டேங்கில் இரண்டு குழாயும் பெட்ரோலில் முங்கித்தானே கிடக்கும்.

இன்று காலையில் மகள் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மலைக்கு அந்தப் பக்கம் புது வேலை. துணைக்கு அம்மா. "வழியில எங்கயும் நிறுத்தாதம்மா. இருக்குற பெட்ரோல்லயே சுரங்கப்பாதையத் தாண்டிடுவ. அந்தப் பக்கம் எறங்கிப் பெட்ரோல் போட்டுக்க" என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். மச்சினன் ஊரிலிருந்து திரும்பியது அவர்கள் போன பிறகுதான்.

"மாமா," என்றான் மச்சினன். இப்போது சுவரைப் பார்க்கவில்லை. "மாத்தி மாட்டிட்டீங்களா?"

"ஆமாடா."

"அப்போ பாதிக்குக் கீழ எறங்குனா..."

"காத்தத்தான் இழுக்கும். நின்னுடும்."

"அந்நேரம் எங்க இருப்பாங்க?"

அந்தக் காரின் வயிறு அவருக்குத் தெரியும். ஏற்றத்தில் எவ்வளவு குடிக்கும் என்பதும் தெரியும். மனசுக்குள் மலைப்பாதையில் வளைவு வளைவாக ஏறிப் போனார். சுரங்கத்துக்கு முன்னால் நின்றுவிடாதா என்று எப்படியெல்லாமோ கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது உள்ளேதான் போய் நின்றது. உள்ளே ஒதுங்க இடம் கிடையாது. நடுவில் ஒரு வளைவு; பின்னால் வருகிற லாரிக்காரனுக்குக் கிட்டே வந்த பிறகுதான் முன்னால் இருப்பது தெரியும். முள் பாதியில் நிற்பதைப் பார்த்து மகள் பெட்ரோல் இருக்கிறதென்றே நம்புவாள். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள்.

மனைவியின் போன் கிடைக்கவில்லை. மகளுடையதும் கிடைக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது.

மச்சினன் அதற்குள் தன் வண்டிச் சாவியை எடுத்திருந்தான். வழியெல்லாம் மெக்கானிக் போனை அழுத்திக்கொண்டே வந்தார். "அக்கா வெவரமானவ மாமா, எறங்கி ஓரமா நின்னுருப்பா" என்றான் மச்சினன். கொஞ்ச தூரம் போய் அதையே மறுபடியும் சொன்னான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று அவன் சொல்லவில்லை. அதையாவது சொல்லித் திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சுரங்க வாசலுக்கு வெகு முன்னாலேயே வண்டிகள் நின்றிருந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. இருவரும் இறங்கினார்கள். உள்ளே போக வேண்டாமென்று யாரோ ஒரு டிரைவர் கத்தினார். மெக்கானிக் நடந்தார். உள்ளேயிருந்து ஹாரன் சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதியது. மகளின் காருக்கு ஜலதோஷம் பிடித்த தொண்டை மாதிரி ஒரு ஹாரன். மாற்றித் தருகிறேன் என்றதற்கு, "இருக்கட்டும்பா, நான் வர்றது உங்களுக்குத் தெரியும்ல" என்றிருந்தாள். அத்தனை இரைச்சலிலும் அந்த ஒன்றைத்தான் அவர் தேடினார்.

மச்சினன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர்களுக்கு முன்னால் சுரங்கத்துக்குள் வளைவு வரைக்கும் வண்டிகளின் பின்விளக்குகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.